அட்டப்பாடியில் ஓர் ஊருக்கு வன வரைபடம் போட்ட அனுபவம்

ஆனைகட்டியைத் தாண்டிக் கேரள எல்லைக்குள் நுழைந்தால் வருவது அட்டப்பாடியின் கிழக்குப் பக்கம். மழைமறைவுப் பகுதி. மேற்கே முக்காலியில் கொட்டுகிற மழைக்கும் இங்கே தூறுவதற்கும் சம்பந்தமே இருக்காது. இங்குள்ள ஓர் இருளர் ஊர், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி தங்கள் சமூக வன வளத்துக்கு, அதாவது ஊரார் வழிவழியாகப் பயன்படுத்திவரும் காட்டுக்கு, உரிமை கோரி விண்ணப்பிக்க முடிவு செய்தது. கூடவே, அந்தக் காட்டை எப்படிப் பராமரிப்பது என்று ஒரு திட்டமும் எழுத வேண்டும். வரைபட வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் தெரியும், ஆனைகட்டியில் இருக்கிறேன், தமிழும் மலையாளமும் கலந்து பேசிச் சமாளிப்பேன். தகுதி அவ்வளவுதான்.

முதல் வேலை செயற்கைக்கோள் படம் எடுப்பது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 படங்கள் இலவசம். தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் ஒரு கட்டம். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து சுமார் 5 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படம் பிடிக்கின்றன. கேட்க தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜூன் பிறந்தால் மேகம், அது விலகினால் ஐப்பசி மழை. தெளிவான படம் தை பிறந்த பிறகுதான் கிடைக்கும். அதிலும் ஒரு வம்பு உண்டு. மாசி, பங்குனியில் வெக்காலியும் தேக்கும் இலையை உதிர்த்துவிடும். நல்ல காடுகூடப் படத்தில் மொட்டையாகத் தெரியும்.

அதனால் ஜனவரிப் படம் ஒன்று, மார்ச் படம் ஒன்று என்று இரண்டையும் எடுத்துப் பசுமைக் குறியீடு போட்டேன். கணக்கு எளிதானது. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் -1க்கும் 1க்கும் இடையே ஓர் எண் வரும். ஜனவரியில் அதிகமாக இருந்து மார்ச்சில் சரிந்தால் இலையுதிர்காடு. இரண்டு மாதமும் சரியாமல் நின்றால் பசுமை மாறாத மரங்களாகவோ ஓடையோரக் காடாகவோ இருக்கலாம். இந்த 'இருக்கலாம்' என்பதில்தான் மொத்த வேலையும் அடங்கியிருக்கிறது.

ஓடைக்குத் தெற்கே ஒரு சரிவு இரண்டு படத்திலும் கரும்பச்சையாக இருந்தது. அச்சிட்டுக் கொண்டுபோய் ஊரில் விரித்து வைத்தேன். ஒரு பாட்டி விரலை வைத்து, "இது காடில்ல கண்ணு, உண்ணிப் புதரு. பன்னி மட்டுந்தான் நுழையும்" என்றார். போய்ப் பார்த்தோம், ஆள் உயரத்துக்கு மேல் உண்ணிச்செடி, அதாவது லாண்டனா. ஓடை ஈரத்தில் பங்குனியிலும் பச்சை குறையாமல் நின்றது. வானத்திலிருந்து பார்த்தால் மரமும் புதரும் பச்சைதான். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையிலேயே ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் 10 சதவீதத்துக்கு மேல் மர நிழல் இருந்தால் அது வனப்பரப்பு. யாருக்குச் சொந்தம், என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. ரப்பர் தோட்டமும் கணக்கில் வந்துவிடும். மாநில அளவில் போக்கு தெரிய அது போதும். எந்தச் சரிவில் நெல்லி பறிக்கலாம், எங்கே மாடு விடலாம் என்று ஓர் ஊர் முடிவெடுக்க அது போதாது.

சரி, இனி கள ஆய்வு. வனத்துறை அனுமதி வாங்கி, ஒரு வாட்சர், ஊர்ப் பிள்ளைகள் சிலர், மண்ணுக்காரர் என்று கிளம்பினோம். அட்டப்பாடி ஊர்களில் ஊர்த் தலைவரான மூப்பனுக்கு அடுத்து மண், விதைப்பு விஷயங்களுக்குப் பொறுப்பானவர் மண்ணுக்காரர். யானை நடமாட்டம் பார்த்துத்தான் அன்றைக்கு எந்தச் சரிவு என்று முடிவாகும், என் அட்டவணைப்படி அல்ல.

0.1 ஹெக்டேர் சதுரம், அதாவது பக்கத்துக்குச் சுமார் 31.6 மீட்டர், கயிறு கட்டி அளந்தோம். மரங்களின் சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில் எடுத்தோம். மூலையில் சின்னச் சதுரம் போட்டுக் கன்றுகளை எண்ணினோம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போன் ஜிபிஎஸ் வெட்டவெளியில் 5 மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும், பள்ளத்தாக்கிலும் மர நிழலிலும் இன்னும் தள்ளிப்போகும். படத்தின் கட்டமே 10 மீட்டர்தான். ஆகவே ஒரே நிறம் பரவலாக இருக்கிற இடத்தின் நடுவில் சதுரம் போடுங்கள், ஓரத்தில் போட்டால் எந்தக் கட்டத்தை அளந்தோம் என்றே தெரியாது. இன்னொன்று, பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தை மேலே பொருத்துகிறவர்கள் அதன் ஆய அமைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய பூமி அளவீட்டின் அடிப்படையிலானவை, ஜிபிஎஸ் பயன்படுத்துவது வேறு. அதைக் கவனிக்காமல் ஜிபிஎஸ் புள்ளியோடு சேர்த்தால் எல்லை 100 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். உரிமைக் கோரிக்கையில் 100 மீட்டர் என்பது சண்டைக்குப் போதுமான தூரம்.

சதுரங்களின் கணக்கு வந்த பிறகுதான் திட்டம் பேச முடிந்தது. உண்ணி மண்டிய சரிவில் பெரிய நெல்லி மரங்கள் இருந்தன, காய்த்தும் இருந்தன. ஆனால் கீழே கன்று கிடையாது. மரங்கள் இருக்கிறவரை காய் வரும், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மேட்டில், படத்தில் வெளிறித் தெரிந்த இடத்தில், புல்லுக்கு நடுவே கன்றுகள் நன்றாகவே வந்திருந்தன. படம் மட்டும் பார்த்திருந்தால் இந்த மேட்டைத்தான் 'சீரழிந்த காடு' என்று குறித்து, குழி தோண்டி மரம் நட ஆள் அனுப்பியிருப்பார்கள்.

கோரிக்கையோடு போன ஓர் அலுவலகத்தில், "படத்துல நீங்க சொல்ற பயன்பாடெல்லாம் ஒண்ணும் தெரியலையே" என்றார்கள். தேன் எடுக்கிற பாறையும் சீமார் அறுக்கிற சரிவும் 10 மீட்டர் கட்டத்தில் எப்படித் தெரியும்? 2012ஆம் ஆண்டுத் திருத்த விதிகளில் தெளிவாகவே இருக்கிறது: செயற்கைக்கோள் படம் மற்ற சான்றுகளுக்குத் துணையாக இருக்கலாம், அவற்றுக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கையில் வைத்திருந்ததால் பேச்சு சீக்கிரம் முடிந்தது. இந்த வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

அதற்காகப் படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் மலை முழுக்கக் குருட்டாம்போக்கில் அலைந்திருப்போம். தீ விஷயத்தில் அதன் உதவி பெரியது. செயற்கைக்கோளில் இருந்து தீயின் வெப்பத்தைக் கண்டுபிடிக்கும் விஐஐஆர்எஸ் கருவியின் எச்சரிக்கைப் புள்ளிகள் அன்றன்றே கிடைக்கின்றன. அந்தப் புள்ளி 375 மீட்டர் கட்டத்தின் நடுப்பகுதி என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தேன். புள்ளிக்கு நேராகப் போய்த் தீயைத் தேடக் கூடாது, மேட்டில் ஏறிப் புகையைப் பார்க்க வேண்டும்.

ஊருக்கூட்டத்தில் பெரிய தாளில் அச்சிட்ட வரைபடத்தை வைத்தோம். ஓடை, பாறை, மேடு எல்லாவற்றுக்கும் அவர்கள் சொன்ன பெயர்கள்தான். உண்ணியைப் பட்டை பட்டையாக வெட்டுவது, ஒரே வீச்சில் அழித்தால் மழையில் மண் போய்விடும் என்பதெல்லாம் சீக்கிரம் முடிவானது. கன்று வருகிற மேட்டில் ஆடு விடுவதைப் பற்றித்தான் வாக்குவாதம் நீண்டது. ஆடு வைத்திருக்கும் பெண்களுக்குக் கோபம், நியாயமான கோபமும்கூட. கடைசியில் மேட்டின் பாதியை மட்டும் மூன்று மழைக்காலத்துக்கு மூடுவது, மறுபாதியில் மேய்ப்பது என்று நின்றது. சதுரங்களின் மூலைக்கற்களுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாயிற்று. அடுத்த தை மாதப் படம் வந்ததும் அதே சதுரங்களில் கன்றுகளை மறுபடி எண்ண வேண்டும். கயிறும் டேப்பும் மூப்பன் வீட்டில் இருக்கின்றன.