கறுப்புத் துணியில் வெள்ளை மை

ஸ்க்ரீன் பிரிண்டிங்கா, டிஜிட்டலா என்று கேட்டு வருகிறவர்கள் எத்தனை சட்டை, எத்தனை நிறம் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் முதலில் கேட்பது துணியின் நிறத்தை. இரண்டிலும் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: கறுப்புத் துணியில் வெள்ளை அடிக்கும்போதுதான் இரண்டின் குணமும் வெளியே வரும்.

ஸ்க்ரீன் பிரிண்டிங்கில், ஃப்ரேமில் இழுத்துக் கட்டிய மெஷ்ஷில், அதாவது நுண்வலையில், வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசி, காயவைத்து, டிசைன் கறுப்பாக உள்ள ஃபிலிமை ஒட்டி வெளிச்சம் காட்டிக் கழுவினால் டிசைன் உள்ள இடம் மட்டும் திறந்துகொள்ளும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். நுணுக்கமான புள்ளிகளுக்கு அங்குலத்துக்கு 230 இழைக்கு மேல் தேவை; வெள்ளைக்கு 110 போதும், மை தாராளமாக இறங்கும். மையை இழுத்துத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்க்வீஜி கடந்ததும் மெஷ் துணியை விட்டுத் துள்ளி எழ வேண்டும். எழாவிட்டால் ஓரம் கலங்கிவிடும். முதல் அடி, லேசான சூடு, மேலே இன்னொரு அடி. சூட்டில்தான் இறுகும் வழக்கமான பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மை என்றால் அடிவரை சுமார் 160 டிகிரி செல்சியஸ் ஏற வேண்டும். மேலே காய்ந்து உள்ளே வேகாமல் நின்ற மை, துவைக்கத் துவைக்க வெடித்து உரியும். சரியாக வெந்த வெள்ளையின் அடர்த்தியும் பளிச்சென்ற தோற்றமும் இன்றும் எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை.

துணியில் நேரடியாக அடிக்கும் டிஜிட்டல் மெஷினில் பாடு வேறு. முன்பூச்சுக் கரைசலைத் தெளித்து ஹீட் பிரஸ்ஸில் உலர்த்தாவிட்டால் வெள்ளை இழைக்குள் இறங்கி மங்கிப்போகும். அந்த மையிலுள்ள டைட்டானியம் டையாக்சைடு கனமானது. அசையாமல் விட்டால் அடியில் படிந்து, மை தெளிக்கும் நுண்துளையான நாசிலை அடைக்கும். ஆர்டர் இல்லாத நாளிலும் மெஷினைக் கவனித்தே ஆக வேண்டும். ஸ்க்ரீனையோ கழுவிச் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விடலாம்.

ஆனாலும் ஒரே ஒரு சட்டையில் ஒரு முகப்படம், அல்லது சட்டைக்குச் சட்டை வேறு பெயர் என்றால் டிஜிட்டலைத் தவிர வேறு வழியை நான் சொல்வதில்லை. அதற்காக ஸ்க்ரீன் போடுவது வீண் உழைப்பு. உலோகப் பளபளப்பு கேட்டால் ஸ்க்ரீன்தான்.

சிவப்பு பாலியஸ்டர் வந்தால் மட்டும் எந்த முறையானாலும் எச்சரிக்கையாகிவிடுவேன். சூட்டில் துணியின் சாயம் ஆவியாகி மேலேறி வெள்ளையை ரோஸாக்கிவிடும். சில சமயம் அடித்த அன்று தெரியவே தெரியாது. ஸ்க்ரீனில் சாயத்தைத் தடுக்கும் சாம்பல் நிற அடிப்பூச்சு போட்டு, குறைந்த சூட்டில் வேகும் மையை எடுப்பேன். அப்படியும் சாம்பிளைச் சில நாள் வைத்துப் பார்த்த பிறகுதான் மொத்த ஆர்டருக்குச் சரி என்பேன்.