கதை கேட்கும் ஒரே அறை

விவாகரத்துக்கு வருகிறவர்களிடம் வக்கீலாக நான் முதலில் கேட்பது தேதிகளைத்தான். கல்யாணம் எப்போது, கடைசியாக ஒன்றாக இருந்தது எங்கே, பிரிந்து எவ்வளவு நாள். அவர்கள் சொல்ல வருவது வேறு. நாத்தனார் சொன்ன சொல், பிரசவத்துக்கு எட்டிப் பார்க்காதது. ஜட்ஜ் இதையெல்லாம் கேட்டு யார் பக்கம் நியாயம் என்று சொல்வார் என நம்புகிறார்கள். முதல் வாய்தாவிலேயே அது கலைந்துவிடும். காலையிலிருந்து காத்திருந்து, டவாலி பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய், அடுத்த தேதியோடு வெளியே வர இரண்டு நிமிஷம்கூட ஆகாது. "இதுக்கா மேடம் லீவு போட்டேன்?" என்று கேட்காதவர் குறைவு.

கதையைக் காதுகொடுத்துக் கேட்கும் இடம் குடும்ப நீதிமன்றத்தின் கவுன்சலிங் அறை. சமரசத்துக்கு முயல்வதைக் கோர்ட்டின் கடமையாகவே வைத்திருக்கிறது 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம். வலுக்கட்டாயமாகச் சேர்த்துவைத்துவிடுவார்களோ என்று பயந்து போக மறுக்கிறார்கள். அப்படி யாரும் செய்வதில்லை. நான் பார்த்தவரை, அங்கே பேசிச் சேர்ந்து போனவர்களைவிட, பேசி மியூச்சுவலுக்கு, அதாவது இருவரும் சம்மதித்துப் பெறும் விவாகரத்துக்கு, வந்தவர்களே அதிகம். நகை, சீர்ப் பாத்திரம், பிள்ளை எந்தக் கிழமை யாரிடம் என்பதெல்லாம் அந்த மேஜையில்தான் முடிவாகும்.

மியூச்சுவலும் உடனே முடிவதில்லை. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் ஆறு மாதம் பொறுத்து இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். தகுந்த வழக்கில் அந்த ஆறு மாதத்தை விலக்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குத் தனி மனு போட வேண்டும், தானாக நடக்காது. இடையில் ஒருவர் மனம் மாறினால் எல்லாம் நின்றுவிடும். அதனால்தான் பேசிய பணம் முழுவதையும் முதல் நாளே கைமாற்ற வேண்டாம் என்பேன்.

ஒத்துவராவிட்டால் எதிர்மனு, சாட்சி, குறுக்கு விசாரணை என்று வருஷக்கணக்கில் போகும். உண்மையில் இழுப்பது விவாகரத்து மனுவைவிட, கூடவே போடும் ஜீவனாம்ச மனுதான். 2020-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இருதரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டும். கொடுமைகளை நாலு பக்கம் சரளமாகச் சொன்னவருக்குச் சம்பளத்தைச் சொல்லும்போது ஞாபகமறதி வந்துவிடும்!

அந்த நாலு பக்கமும் பின்னால் வினையாகும். கோபத்தில் எழுதச் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டும். "எந்தத் தேதி? யார் பார்த்தார்கள்? போலீஸில் சொன்னீர்களா?" நிரூபிக்க முடியாத வரிகளை மனு அடிக்கும்போதே எடுத்துவிடச் சொல்வேன். பாதிப் பேருக்கு என்மேல் வருத்தம், நான் எதிர்த்தரப்புக்குப் பேசுகிறேன் என்று.

தீர்ப்பு வந்த மறுநாளே மறுமணப் பேச்சை எடுப்பவர்களும் உண்டு. எதிர்த்து நடந்த வழக்கென்றால் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை பொறுக்கத்தான் வேண்டும். அதற்குள் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு வாங்கி வைக்கலாம்.