வளையல் அளந்த பாடம்

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. விழுப்புரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் எனக்கு எட்டாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்திருந்தார்கள். ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை வழிபாடு முடிந்ததும் தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் அவசர லீவும்மா. மூணாவது பீரியட் நீங்க போயிடுங்க. வட்டத்தோட சுற்றளவு ஆரம்பிக்கணும்."

மூன்றாவது பீரியட் 11.10க்கு. கையில் ஒன்றரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதல். ஒரு பாடக்குறிப்பு எழுத எனக்கு இரண்டு மாலைகள் ஆகும். உட்கார்ந்து கட்டம் போட்டேன்: ஆசிரியர் செயல், மாணவர் செயல், கரும்பலகைப் பணி, மதிப்பீடு. நோக்கங்களுக்கு நேரே அறிதல், புரிதல், பயன்படுத்தல் என்று எழுதினேன். அரை மணி நேரம் போயிருந்தது. வகுப்பில் முதலில் என்ன சொல்லப் போகிறேன் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

முதல் பீரியட் முடிந்து வந்த என் வழிகாட்டி ஆசிரியரிடம் நோட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. "பீரியட் முடிஞ்சு வெளிய வர்ற பிள்ளைய நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேக்கலாம்னா, என்னம்மா கேப்பே? அதை எழுது. மத்ததெல்லாம் அப்புறம்."

எழுதினேன்: 'வட்டம் பெருசானாலும் சிறுசானாலும் எது மாறாது?'

அதற்கப்புறம் வேலை வேகமாக நடந்தது. பிள்ளைகள் சுற்றளவையும் விட்டத்தையும் தாங்களே அளந்து, சுற்றளவை விட்டத்தால் தாங்களே வகுத்து அந்த மாறாத எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். சத்துணவுக் கூடத்து அக்காவிடம் தட்டு, டம்ளர், டப்பா மூடி வாங்கினேன். பூ கட்டுகிற நூல்கண்டு ஒன்றையும் அவரே எடுத்துக் கொடுத்தார். 36 பிள்ளைகள், நாலு நாலு பேராக ஒன்பது குழு. பொருள் போதவில்லை, என் கையில் இருந்த வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். புள்ளி வைத்த எண்களை வகுப்பது அவர்களுக்கு இன்னும் கைவரவில்லை என்பதால் எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எழுதச் சொன்னேன். அப்படியும் வகுத்தலே கால் மணி நேரத்தைத் தின்றது. அதை நான் கணக்கில் வைக்கவே இல்லை.

விடைகளை ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதினேன். தட்டு 3.1. டம்ளர் 3.2. மூடி 3.1. வகுப்பில் ஒரு சலசலப்பு எழுந்தது. 'மிஸ், எல்லாம் மூணு மூணாவே வருது.' எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த எண்ணுக்குப் பை (π) என்று பெயர் என்பதை நான் இன்னும் சொல்லவே இல்லை.

அடுத்தது வளையல் குழு. 3.45.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த வழிகாட்டி ஆசிரியரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. 'சரியா அளக்கல, விடுங்க' என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். விடை சொன்ன பெண்ணோ நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மூன்று முறை வகுத்துப் பார்த்ததாகச் சொன்னாள். அவள் சரியாகத்தான் வகுத்திருந்தாள். 207 ÷ 60.

"எப்படி அளந்தே, காட்டு." நூலை வளையலின் வெளிப்பக்கம் சுற்றினாள். 207 மில்லிமீட்டர். அப்புறம் ஸ்கேலைக் குறுக்கே வைத்தாள். உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு 60. வளையல் தடிமன் ஒரு பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர். நான் விளக்கத் தொடங்கும் முன் பக்கத்தில் இருந்த பையன் சொல்லிவிட்டான்: "மிஸ், சுத்தினது வெளி வட்டம், அளந்தது உள் வட்டம்!" விட்டத்தை வெளியிலிருந்து அளந்தால் 66. 207ஐ 66ஆல் வகுத்து 3.13 என்று அவள் சொன்னபோது முன்பெஞ்சில் கைதட்டினார்கள்.

அங்கே மணி அடித்தது. புத்தகத்துக் கணக்கு ஒன்றுகூடப் போடவில்லை. பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தில் வரும் வழியைச் சொல்ல ஆசையாக வைத்திருந்தேன்: விட்டத்தை ஏழு பங்காக்கி, அதோடு நான்கு பங்கு சேர்த்து, இரட்டித்தால் சுற்றளவு. ஏழும் நான்கும் பதினொன்று, இரட்டித்தால் 22, அதுதான் 22/7. அதற்கும் நேரமில்லை. அதில் வருத்தமும் இல்லை. 22/7ஐ முதலிலேயே கையில் கொடுத்துவிடுவதால்தான், பை என்றால் துல்லியமாக 22/7 என்றே நம்பிக்கொண்டு பல பிள்ளைகள் கல்லூரி வரை போகிறார்கள். 22/7 என்பது 3.1428 என்று போகும், பை 3.1415 என்று போகும். நூலால் அளந்து 3.1, 3.2 என்று தடுமாறிப் பார்த்த பிள்ளைக்கு, 'ஏறக்குறைய' என்ற சொல்லை நான் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

அன்று மாலை பாடக்குறிப்பை முழுசாக எழுதினேன். மதிப்பீட்டுக் கட்டத்தில் அந்த ஒரு கேள்வி மட்டும். வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு, கரும்பலகைப் பணியில் 3.45ஐயும் எழுதச் சொன்னார்.

மறுநாள் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் வளையல் பெண் என் பின்னால் ஓடி வந்தாள்.

"மிஸ், சைக்கிள் ஒரு சுத்து சுத்தினா எவ்ளோ தூரம் போகும்னு கண்டுபிடிக்க, சக்கரத்துக்குக் கம்பி வரைக்கும் அளக்கணுமா, டயர் வரைக்குமா?"

"ரோட்டுல எது படுது?"

கீழே குனிந்து பார்த்தாள். பைக்குள் கையை விட்டு ஸ்கேலை எடுத்தாள்.