கேம்ஷாஃப்டை முதலில் வாங்காதீர்கள்

செவர்லே 350 (350 கன அங்குல V8) எஞ்சினைப் பிரித்துப் போட்டதும் எல்லாருக்கும் கை போவது பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு) பக்கம்தான். வேண்டாம். முதலில் பிளாக்கை மெஷின் ஷாப்பில் கொடுத்து சிலிண்டரை அளக்கச் சொல்லுங்கள். 4 அங்குல போர் (சிலிண்டர் துளை) தேய்ந்திருந்தால் 0.030 அங்குலம் கூட்டிக் குடைவார்கள், அது 355 கன அங்குலம் ஆகிவிடும், பிஸ்டனும் ரிங்கும் அந்த அளவுக்குத்தான் வாங்க வேண்டும். அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது. அது 8.5-க்கு 1 என்றிருக்கும்போது டியூரேஷன் (வால்வ் திறந்திருக்கும் காலம்) அதிகமான கேம் போட்டால் ஐடிலில் சத்தம் அருமையாக இருக்கும், ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். லிஃப்டர்தான் கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்; அதன் அடி உருளை இல்லாமல் நேராகக் கேமில் உரசும் ஃப்ளாட் டாப்பெட் வகை என்றால் புது கேமுக்குப் புது லிஃப்டர் கட்டாயம். பழைய லோபோடு (கேமின் மேட்டோடு) சேர்ந்து தேய்ந்த லிஃப்டர் புது லோபைத் தின்றுவிடும். என்னைக் கேட்டால் பணத்தை நல்ல சிலிண்டர் ஹெட்டில் போடுங்கள், குரோம் வால்வ் கவரை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.