வற்றத்தில் ஒரு கழிமுகம்

ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் நிலவியல் நடைக்கு வருபவர்கள் காலை ஆறரை மணிக்கே கரையில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அமாவாசைக்கு மறுநாள் அது. சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் அந்த நாட்களில் ஓதம் வழக்கத்தைவிட உயர ஏறி, வழக்கத்தைவிடத் தாழ வற்றும். மற்ற நாட்களில் நீருக்கடியில் கிடக்கும் சேற்றுத் திட்டுகளும் மணல் மேடுகளும் சில மணி நேரம் மட்டும் வெளியே தெரியும். எங்களை வழிநடத்திய பேராசிரியர், பணி ஓய்வுக்குப் பிறகும் களத்தை விடாத ஒரு பெண்மணி, முதலில் ஒரு பழைய நில அளவைப் படத்தையும் அண்மைச் செயற்கைக்கோள் படத்தையும் மணலில் விரித்து வைத்தார். இரண்டிலும் ஆற்றின் வாய் ஒரே இடத்தில் இல்லை. "கடற்கரையைக் கோடாக வரைகிறோம். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தேதியையும் எழுதிவிடுங்கள்" என்றார். அன்று முழுவதும் நாங்கள் பார்த்தவற்றுக்கு அதுவே போதுமான முன்னுரையாக இருந்தது.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், உலகின் கடல்மட்டம் இன்றைக்குள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. கடல் விலகிப் போனதால் ஆறுகள் அதைத் தேடி நெடுந்தொலைவு ஓடி, தம் பள்ளத்தாக்குகளை ஆழமாக அறுத்துக்கொண்டன. பனி உருகிக் கடல் திரும்ப ஏறியபோது அந்தப் பள்ளத்தாக்குகளின் கீழ்ப்பகுதிகள் மூழ்கின. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு ஏற்றத்தின் வேகம் தணிந்த பிறகே இன்று நாம் காணும் கழிமுகங்களில் பெரும்பாலானவை உருவம் பெற்றன. பாறைகளின் வயதைக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் எண்ணிப் பழகிய நிலவியலுக்கு இது நேற்றைய நிகழ்ச்சி. ஆறு மேலிருந்து மண்ணைக் கொண்டுவருகிறது, கடல் வெளியிலிருந்து மணலை உள்ளே தள்ளுகிறது. ஆகவே ஒரு கழிமுகம் தோன்றிய நாளிலிருந்தே தூர்ந்துகொண்டிருக்கிறது. இதை அதற்கு முன்பும் படித்திருக்கிறேன். ஆயினும் முழங்கால் வரை சேற்றில் புதைந்து நிற்கும்போது அந்தச் செய்தி உடம்புக்கே புரிந்தது.

அந்தச் சேறு எப்படிச் சேருகிறது என்பதைப் பேராசிரியர் இரண்டு கண்ணாடிப் புட்டிகளைக் கொண்டு காட்டினார். நன்னீர் பாயும் மேல்பகுதியில் முன்தினமே எடுத்து வந்த கலங்கல் நீர் இரண்டிலும் இருந்தது. ஒன்றில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் குலுக்கி, இரண்டையும் ஒரு மரப்பலகையின்மேல் வைத்துவிட்டு வேறு எதையோ விளக்கத் தொடங்கினார். சற்று நேரம் கழித்துப் பார்த்தால், உப்பிட்ட புட்டியில் சிறு சிறு பஞ்சுத் துணுக்குகள் போலக் களிமண் திரண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மற்றொன்று கலங்கியபடியே இருந்தது. களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. அதன் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் நன்னீரில் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. தனியாக ஒரு மீட்டர் ஆழம் இறங்க அவற்றுக்கு நாட்கள் தேவைப்படும். ஒரு கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீர் கலக்கத் தொடங்கியதும் அந்த விலக்கு தளர்ந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து விழுகின்றன. உப்பும் நன்னீரும் சந்திக்கும் இடத்தில் நதி தன் சுமையை இறக்கி வைப்பதன் காரணம் இவ்வளவு எளியது என்பதை அந்தப் புட்டியைக் கையில் வாங்கிப் பார்க்கும் வரை நான் உணர்ந்ததில்லை.

அன்றைய நாளில் நாங்கள் நெடுநேரம் நின்ற இடம், ஓடை அறுத்துவிட்ட ஒரு கரை. என் தோள் உயரம் இருக்கும். கொத்தனார்கள் பயன்படுத்தும் கரணையால் பேராசிரியர் அதன் முகத்தை மெதுவாகச் சீவியதும் அடுக்குகள் தெளிந்தன. அடியில் சாம்பல் நிற மணல். அதில் மட்டிகள், இரண்டு ஓடுகளும் மூடியபடியே, வாழ்ந்த நிலையிலேயே நின்றன. அவை அங்கேயே வாழ்ந்து மடிந்தவை. சற்று மேலே தனித்தனி ஓடுகள் குப்புறக் கவிழ்ந்து கிடந்தன. நீரோட்டம் உருட்டிய ஓடு அப்படிக் கவிழ்ந்த நிலையில்தான் நிலைத்து நிற்கும். அதற்கும் மேலே மணலும் சேறும் மாறிமாறி, விரலால் தடவினால் மேடு பள்ளமாக உணரும் அளவுக்கு மெல்லிய வரிகளாக இருந்தன. நீர் பாயும்போது மணல் வரும். ஏற்றமும் வற்றமும் திரும்பும் இடைவேளையில் நீர் அசையாமல் நிற்கும்போது சேறு படியும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் வரிகள் தடித்தும் இடைப்பட்ட நாட்களில் மெலிந்தும் அமைவதால், சந்திரனின் நாட்காட்டியே மண்ணில் பதிந்திருக்கிறது. உச்சியில் வேர்கள் ஊடுருவிய கறுப்புச் சேறு. அதைக் கிளறியதும் அழுகிய முட்டை வாடை வந்தது. உயிர்வளி எட்டாத அந்த ஆழத்தில் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டை ஐதரசன் சல்பைடாக மாற்றுகின்றன, அதுவே இரும்புடன் சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது.

ஒரு மாணவி, "மேடம், அப்படியானால் கடல் இங்கிருந்து பின்வாங்கியது என்று சொல்லலாமா?" என்று கேட்டார். பேராசிரியர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. 1894-இல் ஜெர்மன் நிலவியலாளர் யோஹன்னஸ் வால்தர் வகுத்த விதியை நினைவூட்டினார்: மண் படிவதில் இடையே முறிவு இல்லாத வரை, அருகருகே இருக்கும் சூழல்களின் படிவுகளே ஒன்றன்மேல் ஒன்றாகவும் அமையும். மணல் திட்டிலிருந்து சேற்றுப் பரப்பின் வழியாக அலையாத்திச் செடிகள் வரை காலையில் நாங்கள் நடந்து வந்த வழி, அந்தக் கரையில் கீழிருந்து மேலாக எழுதியிருந்தது. நிலம் கடலை நோக்கி முன்னேறியிருக்கிறது. கடல்மட்டம் தாழ்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மண் வரத்து போதுமானதாக இருந்தால் போதும்.

வரத்து நின்றால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. அதற்கு முகத்துவாரத்தின் மணல் நாக்குக்குப் போனோம். கரைக்குச் சாய்வாக மோதும் அலைகள் மணலைக் கரையோரமாகவே நகர்த்திச் செல்வதால் அந்த நாக்கு ஒரு பக்கமாக நீள்கிறது, ஆற்றின் வாயும் அதே பக்கம் தள்ளப்படுகிறது. காந்தத்தை மணலில் இழுத்தபோது மேக்னடைட் என்ற கறுப்பு இரும்புத் தாதுவின் துகள்கள் மீசை போல ஒட்டிக்கொண்டன. அலை இலேசான குவார்ட்ஸை வாரிச் சென்று கனமான தாதுக்களை விட்டுவைத்த இடம் அது. கறுப்பு வரி தெரியும் இடத்தில் அரிப்பு நடந்திருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அலைதடுப்புச் சுவர்கள் வடக்கே போகும் மணலை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரை கரைந்தது. எகிப்தின் நைல் ஆற்றில், 1970-இல் முடிந்த அஸ்வான் உயர் அணை வண்டலை மறித்ததும், அதன் முகத்துவாரத்திலுள்ள ரொசெட்டா முனையில் முன்பே தொடங்கியிருந்த அரிப்பு விரைவடைந்தது. உலகின் சராசரிக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. உயரும் கடலுக்கு ஈடாகச் சேற்றுப் பரப்பும் உயர வேண்டுமானால் அதற்கு ஆற்றின் மண் தேவை. அதையே அணைகளில் தேக்கியும் மணலாக அள்ளியும் நாம் தடுக்கிறோம். இதைக் கடலின் சீற்றம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது எனக்கு மனத்துக்கு ஒப்பவில்லை.

நீர் திரும்பத் தொடங்கியதும் சேற்றுப் பரப்பில் நாங்கள் மண்மாதிரி எடுத்த துளையை மூடினோம். அரைவட்டக் குழாயில் வந்த மண்ணை அதே வரிசையில் திரும்ப வைக்க முடியாது. மேலடுக்கு கீழே போய்விட்டது. பேராசிரியர் அந்த இடத்தின் ஆயத்தொலைவுகளைக் குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் "கலைந்த மண், நாங்கள் தோண்டியது" என்று குறித்துக்கொண்டார். பின்னாளில் அங்கே தோண்டுபவர் குழம்பிவிடக் கூடாதாம்.