பளிச்சிடும் பற்களும் காணாமற்போகும் பதிவு எண்ணும்

"ஒரே அமர்வில் முத்துப் பற்கள்" என்ற வகை விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம், சிகிச்சை அளிப்பவரின் முழுப்பெயரும் பல் மருத்துவராகப் பதிவுசெய்ததற்கான பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்றுதான் நான் முதலில் தேடுகிறேன். உரிமம் இல்லாதவர்கள் அந்த இடத்தைச் 'சான்றிதழ் பெற்ற நிபுணர்' என்ற சொற்களால் நிரப்பிவிடுகிறார்கள். குறுகிய காலப் பயிற்சி வகுப்பில் கொடுப்பதும் சான்றிதழ்தானே!

பல் வெண்மையாக்கலையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு விதிப்படி, 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற வெளுக்கும் வேதிப்பொருள் கொண்ட வெண்மையாக்கும் பொருள்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கலாம். 18 வயதுக்குட்பட்டோருக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. செறிவு கூடினாலோ, மருந்தைப் பற்களின்மேல் பிடித்துவைக்கும் அச்சு சரியாகப் பொருந்தாமல் மருந்து கசிந்தாலோ ஈறு வெந்து வெளுத்துவிடும். சொத்தையையோ விரிசலையோ கவனிக்காமல் பூசினால் வலி பல்லின் உள்வரை இறங்கும். செயற்கை உறைகளும் அடைப்புகளும் வெளுப்பதே இல்லை என்பதையும் இத்தகைய விளம்பரங்கள் சொல்வதில்லை.

பணம் கட்டுவதற்கு முன்பே பல் மருத்துவர் பதிவேட்டில் பெயரைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஏமாந்துவிட்டால், விளம்பரம் நீக்கப்படுவதற்குள் அதைப் படம்பிடித்து, ரசீதுடன் பத்திரப்படுத்திக்கொண்டு, உரிமமற்ற சிகிச்சை குறித்துப் பல் மருத்துவ ஒழுங்குமுறை அமைப்பிடமும், பொய் வாக்குறுதி குறித்து நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பிடமும் தனித்தனியே புகார் அளிக்க வேண்டும்.