கமேய்தோவில் பொய்க்குருவி

டோக்கியோவில், ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவைச் சேர்ந்த கமேய்தோ தென்ஜின் ஆலயத்துக்கு நான் போனது ஒரு ஜனவரி 25. வாசலில் 'தொரீ' எனும் தோரணத்துக்கு முன் நின்று தலை வணங்கிவிட்டு ஓரமாக நடக்க வேண்டும். நடுப்பாதை தெய்வத்துக்கு. குளத்தின் மேல் முதுகு வளைந்த சிவப்புப் பாலம். ஏறி இறங்கினால் தண்ணீர்த் தொட்டி. அகப்பையால் முதலில் இடது கை, பிறகு வலது கை. அப்புறம் வாய் கொப்பளிக்க அகப்பையையே வாயருகே கொண்டுபோய்விட்டேன். பக்கத்தில் நின்ற பாட்டியம்மா பதறி, இடது உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். சரி, அப்படித்தான் செய்ய வேண்டுமாம். அந்தக் குளிரில் பல் கூசியது.

சன்னிதியில் காசு போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, கும்பிட்டு, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். ஐந்து யென் நாணயம் விசேஷம். 'கோ‑என்' என்ற அதன் உச்சரிப்பு 'பந்தம்' என்ற சொல்லுக்கும் பொருந்துகிறது. எட்டிப் பார்த்தேன், விக்கிரகம் எதுவும் கண்ணில் படவில்லை.

இங்கே தெய்வமாக இருப்பவர் சுகவாரா நொ மிச்சிஸானே. பெரும் புலவர், அமைச்சர். எதிரிகள் கிளப்பிய பழியை அரசர் நம்பிவிட, 901இல் தலைநகரிலிருந்து மேற்கே தஸாய்ஃபுவுக்குத் துரத்தப்பட்டு, 903இல் அங்கேயே இறந்தார். பிறகு 930இல் அரண்மனையில் இடி விழுந்து ஆட்கள் செத்தார்கள். அவருடைய கோபம்தான் என்று நடுங்கியவர்கள் அவருக்குக் கோயில் எழுப்பினார்கள். இன்று அவர் கல்விக்கடவுள். அது தேர்வுக் காலம் என்பதால், 'எமா' என்ற மரப்பலகைகளில் மாணவர்கள் எழுதிய வேண்டுதல்கள் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின.

ஆனால் அன்றைய கூட்டம் குருவிக்காக. 'உசோ' என்பது கழுத்து சிவந்த ஒரு சின்னப் பறவை; அதே ஒலிக்குப் 'பொய்' என்றும் அர்த்தம். ஆண்டுதோறும் ஜனவரி 24, 25இல் போன வருடம் வாங்கிய, மரத்தில் செதுக்கிய குருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்குகிறார்கள். பழைய கெடுதல் எல்லாம் பொய்யாகி நல்லதாக மாறிவிடுமாம். இந்த வழக்கம் இங்கே 1820 முதல் நடக்கிறது. பொய்ப் பழியால் வீழ்ந்தவரின் வாசலில் பொய்யைக் கைமாற்றும் சடங்கு! எனக்கு இதைவிடப் பொருத்தம் தோன்றவில்லை.

முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். திருப்பித் தர என்னிடம் குருவி இல்லை; முதல் முறை வருபவர் பழையது தராமலே புதிதை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இருப்பதில் சின்னதாக ஒன்று வாங்கினேன். இப்போது அது என் மேசையில் இருக்கிறது. இந்த வருடக் கணக்கில் ஏற்கெனவே இரண்டு மூன்று பொய்கள் சேர்ந்துவிட்டன.